இரண்டாம் பக்கத்தின் முதல் வரி

போன மாதம் ஒரு பெண் போன் செய்தார். நான் விட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர். இனிமேல் புதுப் பதிப்பு வெளிவரும் முன் ஆட்கள் உட்கார்ந்து சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை, அதற்கும் நிரல் எழுதியாகிவிட்டது, ஓடவிட்டால் தவறுகள் தானாக வந்து விழும் என்றார். சந்தோஷம் என்றேன். “நீங்கல்லாம் எப்படி மேடம் சமாளிச்சீங்க? யாருக்கும் சம்பளம் கிடையாது, கட்டாயம் கிடையாது, பாதிப் பேர் முகத்தைக்கூட பாத்தது கிடையாது” என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அவர் அதை அப்போதே மறந்திருப்பார். எனக்கு வேறு சோலி இல்லாததால் எழுதுகிறேன்.

என் படிப்பு பி.காம். மதுரையில் படித்து, கல்யாணமாகிக் கொடைக்கானல் வந்து, நாயுடுபுரத்தில் குடியேறி, ஒரு பேக்கரியிலும் பிறகு ஒரு பள்ளி அலுவலகத்திலும் கணக்கு எழுதினேன். கம்ப்யூட்டரைத் தொட்டதே நாற்பது வயதை நெருங்கும்போதுதான். அதையெல்லாம் விரித்துச் சொன்னால் எனக்கே கொட்டாவி வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. சின்னக் கடைக்காரர்களும் விவசாயிகள் சங்கங்களும் தமிழிலேயே கணக்கு எழுத ஒரு மென்பொருள் செய்வது என்று அட்டுவம்பட்டியில் ஒரு சிறு அறக்கட்டளை இறங்கியிருந்தது. மென்பொருளின் பெயர் ‘அன்றாடம்’. விலை கிடையாது. நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம். அதை எழுதியவர்கள் ஈரோட்டிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் வேறு வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் சும்மா எழுதிக் கொடுத்தவர்கள். அவர்கள் அனுப்புவதைத் தங்கள் கடைக் கணக்கிலேயே போட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்ல வேண்டியவர்கள் கொடைக்கானல் கடைவீதிக்காரர்கள். சோதனையாளர் என்று கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டெஸ்டர் என்றால் பெருமை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒருவர் சொன்னதை மற்றவருக்குப் புரியும்படி சொல்வது என் வேலை. சம்பளம் வாங்கிய ஒரே ஆள் நான்தான், அதனால் திட்டு வாங்கும் உரிமையும் எனக்கு மட்டும்தான் இருந்தது.

மழை பிடித்தால் டெலிபோன் லைன் போய்விடும். மின்னஞ்சல் போகாது. பெரிய கோப்பு என்றால் சிடியில் எழுதி, வெள்ளனே கிளம்பும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்து வத்தலக்குண்டுக்கு இறக்கிவிடுவோம். அங்கிருந்து கூரியர். உலகமெல்லாம் இன்டர்நெட்டில் நடந்த வேலையில் பாதி எங்களுக்குக் மலையிறங்கும் காட்ரோட்டு வளைவுகளில்தான் நடந்தது.

அறக்கட்டளையை நடத்திய தாமோதரன் சார் கப்பலில் என்ஜின் அறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் உயராது. உயர்த்த வேண்டிய இரைச்சலிலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டதால் இருக்கும். டெஸ்டர்கள் எழுதி அனுப்பும் குறிப்புகளை எனக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவார், ஜாதகம் வாசிப்பவரைப் போல. ஒவ்வொரு குறிப்பிலும் மூன்று வரி இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதினால் அடித்துவிடுவார். ‘நல்லா இருக்கு’ என்று எவராவது எழுதிவிட்டால் போச்சு.

“நல்லா இருக்குன்னா என்னங்க அர்த்தம்? கல்யாண வீட்டுச் சாப்பாடா இது? ஜெசிந்தாம்மா, அவருக்கு போனைப் போடுங்க. என்ன செஞ்சாருன்னு கேளுங்க.”

நானும் போனைப் போடுவேன். கடைக்காரர் அந்தப் பக்கம் வியாபாரத்துக்கு நடுவில், “எல்லாம் நல்லா இருக்குன்னுதானேம்மா சொன்னேன், அதுக்கும் கோவமா?” என்பார்.

அவருடைய இன்னொரு சட்டம் கெட்ட செய்தியைப் பற்றியது. ஒருவர் எழுதிக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வதானால் மின்னஞ்சலில் சொல்லக் கூடாது. கொஞ்சம் வலிக்கும் என்றால் போனில் சொல்ல வேண்டும். நிறைய வலிக்கும் என்றால், அந்த ஆள் பஸ் போகிற தூரத்தில் இருந்தால், நேரில் போக வேண்டும். “எழுதி அனுப்புனா அதைப் பத்து தடவ படிப்பாங்க. நேர்ல சொன்னா ஒரு தடவதான் கேப்பாங்க” என்பார். பஸ் செலவை மறுபேச்சில்லாமல் கொடுப்பார்.

மூன்றாவது, இடம் மாற்றும் நாள். புதுப் பதிப்பு வெளியாக ஒரு வாரம் இருக்கும்போது டெஸ்டர்கள் எல்லாரையும் அட்டுவம்பட்டி அலுவலகத்துக்கு வரச் சொல்லி, ஒருவர் கணக்கை இன்னொருவரைப் போடச் சொல்வார். பேக்கரிக்காரர் காய்கறி மண்டிக் கணக்கைப் போடுவார். மண்டிக்காரர் லாட்ஜ் கணக்கைப் போடுவார். பழகிய கை தடுமாறாது, பழகாத கைதான் குழியில் விழும் என்பது சாரின் எண்ணம். அந்த நாளுக்குப் பிறகு புதிதாக ஒரு வரி நிரல்கூட உள்ளே வரக் கூடாது. சரியில்லாதது வெளியே போகலாம், அவ்வளவுதான்.

இந்தச் சட்டத்தை ஒரே ஒரு தடவை மீறினோம். சென்னைக்காரர் ஒருவர் சின்னத் திருத்தம் என்று கெஞ்சினார், விட்டுவிட்டோம். அந்தச் சின்னத் திருத்தம் எல்லாக் கடைகளின் ஆரம்ப இருப்பையும் துடைத்துவிட்டது. சார் ஸ்வெட்டரும் குடையுமாகக் கடை கடையாக ஏறி மன்னிப்புக் கேட்டார். நான் பின்னாலேயே போனேன். யாரும் கோபப்படவில்லை, எல்லாரும் டீ கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் எவர் கெஞ்சினாலும் மசிந்ததில்லை.

இனி இளங்கோவுக்கு வருகிறேன். எனக்குத் தம்பி வயது, அதனால் அவன் என்றே எழுதுகிறேன். வத்தலக்குண்டுக்காரன். சென்னையில் அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊருக்கு வந்து மாமனார் வீட்டு மாடியில் இருந்தான். மனைவி ஒரு பள்ளியில் டீச்சர். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் தமிழ் எழுத்து சிதறாமல் பில் அச்சடிக்கும் பகுதியை அவன் எங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தான். கடைவீதி முழுக்கக் காத்திருந்தது அதற்குத்தான். புத்தாண்டிலிருந்து விற்பனை வரி போய் மதிப்புக் கூட்டு வரி வருகிறது, பில்லெல்லாம் புது மாதிரியில் வேண்டும் என்று எல்லாரும் பரபரத்த சமயம்.

அவனுக்கும் அது தேவைப்பட்டது. மதுரையில் ஒரு கம்பெனி அவனை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. வேலையில்லாமல் இருந்த காலத்தில் என்ன செய்தீர்கள், வெளியான பதிப்பில் உங்கள் பங்கைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நேர்காணல் ஜனவரியில், எங்கள் வெளியீடு டிசம்பர் கடைசியில்.

அவன் பகுதியைச் சோதித்தவர் ரஹ்மத். கடைவீதியில் பைப்பு, குழாய், அடுப்பு விற்கும் கடை. அண்ணன் கொள்முதலுக்கு அலைவார், தங்கை ரஹ்மத் கல்லாவில் இருப்பார். எங்களிடம் இருந்த டெஸ்டர்களிலேயே கெட்டிக்காரர். மூன்று வரிச் சட்டத்தை மீறாத ஒரே ஆள். அந்த வருடம் இளங்கோ இரண்டு மூன்று தடவை மலைக்கு வந்து அவர் கடையிலேயே உட்கார்ந்து பிரிண்டரோடு மல்லுக்கட்டினான். ரஹ்மத் அவனுக்குச் சோறு போட்டார், அவன் கதையையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன்பின் அவரிடமிருந்து வந்த குறிப்புகளில் மூன்றாம் வரி எப்போதும் ஒன்றாகவே இருந்தது: எதிர்பார்த்தபடி வந்தது. சாருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை.

டிசம்பரில் இடம் மாற்றும் நாள் வந்தது. ரஹ்மத் கடைக் கணக்கில் பார்வதியை உட்கார வைத்தோம். பார்வதி அடுக்கம் பக்கத்தில் ஒரு காப்பி விவசாயிகள் சங்கத்துக்குக் கணக்கு எழுதியவர். பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், சின்ன வயதில் குடும்பத்தோடு இங்கே வந்தவர். ஒரு லாட்ஜுக்குப் போன பைப்புச் சாமான் முழுவதையும் ஒரே பில்லாகப் போட்டார். பிரிண்டர் கரகரவென்று ஓடி இரண்டு பக்கம் துப்பியது. அவர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். அடுத்த பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

“என்னாங்க இது, ஒரு சாமானைக் காணோம்? ரெண்டாம் பக்கத்துல மொத வரியே இல்லீங்களே. கூட்டுத்தொகைல இருக்கு, மேல இல்ல. பெரட்டுல பேரு விட்டுப்போன மாதிரில்ல இருக்கு.”

பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுவது. பேர் விட்டுப்போனால் அன்றைக்குக் கூலி இல்லை. அவர் குரலில் இருந்த பதற்றத்துக்கு அதுதான் காரணம். இன்னொரு தடவை அடித்தோம். இன்னொரு பில் போட்டு அடித்தோம். பில் எப்போதெல்லாம் அடுத்த பக்கத்துக்குப் போகிறதோ, அப்போதெல்லாம் அந்தப் பக்கத்தின் முதல் சாமான் அச்சில் விட்டுப்போகிறது. வாங்குகிறவர் கூட்டிப் பார்த்தால் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்றுதான் நினைப்பார்.

ரஹ்மத் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்: “அது அப்படித்தாம்மா. பெரிய பில்லா இருந்தா ரெண்டாப் பிரிச்சுப் போட்ரணும். ஒரு பக்கத்துக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாது.”

சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“எப்பருந்துங்க தெரியும்?”

“நோன்பு சமயத்துலயே தெரியும் சார்.”

“குறிப்புல எழுதலையே?”

“எழுதுனா அந்தத் தம்பி எழுதுனது சரியில்லன்னு ஆயிரும்ல? பாவம், காசு பணம் வாங்காம செஞ்சு குடுக்குது. வீட்லயும் நிம்மதி இல்ல. இந்த வேலை கெடைச்சா எந்திரிச்சிரும். நாம ரெண்டாப் பிரிச்சுப் போட்டாத் தீந்துச்சு. நம்ம ஆளுங்ககிட்ட நான் சொல்லிக் குடுத்துர்றேன், நீங்க வெளியிட்ருங்க.”

இன்றைக்கு யோசித்தால், இந்தத் தவறு வேறு எங்கேயும் நடந்திருக்காது என்று தோன்றுகிறது. வெளிநாட்டு டெஸ்டர்கள் குறை கண்டுபிடித்தால் ஊரைக் கூட்டிவிடுவார்கள். எங்கள் கடைவீதியில், சும்மா கொடுத்த பொருளில் குறை சொல்வது மரியாதையில்லை. அதுவும் கொடுத்தவன் உங்கள் வீட்டில் சாப்பிட்டவனாக இருந்தால் சொல்லவே கூடாது. பிரியம் கெட்டுவிடும் என்று பயந்து குறையைச் சுற்றிப் போய்விடுவார்கள். அன்றைக்கு விசாரித்ததில் மண்டிக்காரரும் பேக்கரிக்காரரும் இப்படி ஆளுக்கு ஒன்றிரண்டு குறையைப் பொறுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

எல்லாரும் போன பிறகு சாரிடம் என்ன செய்வது என்று கேட்டேன். “வெளியீடு உங்க பொறுப்பு. நான் கையெழுத்துப் போட வேண்டியதெல்லாம் கப்பல்லயே போட்டு முடிச்சாச்சு” என்று சொல்லிவிட்டு மப்ளரைச் சுற்றிக்கொண்டு நடக்கப் போய்விட்டார். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வந்த மிகச் சில தடவைகளில் அது ஒன்று.

யோசிக்க அதிகம் இல்லை. இருக்கிற ஒரு வாரத்தில் இளங்கோ திருத்திக் கொடுத்துவிடலாம். ஆனால் திருத்தியதைச் சோதிக்க நேரமில்லை, சட்டமும் இடம் கொடுக்காது. ரஹ்மத் சொன்னபடி அப்படியே வெளியிட்டால் கொடைக்கானல் கடைகள் தப்பிக்கும். திண்டுக்கல்லிலும் திருநெல்வேலியிலும் சிடி வாங்கிப் போடுகிறவர்களுக்கு யார் போய் ரெண்டாப் பிரிக்கச் சொல்லிக் கொடுப்பது? இங்கிலீஷ் எழுத்தில் அச்சடிக்கும் பழைய பகுதி கைவசம் இருந்தது. அதையே வைத்துக்கொண்டு இளங்கோவின் பகுதியை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். பகுதி போனால், பதிப்பில் பங்களித்தவர்கள் பட்டியலிலிருந்து அவன் பெயரும் போகும்.

மறுநாள் காலை பஸ்ஸில் வத்தலக்குண்டுக்கு இறங்கினேன். பனி விலகாத நேரம், டிரைவர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வந்தார்.

இளங்கோ வீட்டு மாடியில் ஒரு டேபிள் ஃபேன், ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் துணி காய்கிற கொடி. நான் நேரில் வந்ததைப் பார்த்ததுமே அவனுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. சாரின் சட்டம் எல்லாருக்கும் தெரியும். பார்வதி போட்ட பில்லைக் கையில் கொடுத்தேன். விரலே வைக்காமல் கண்டுபிடித்துவிட்டான்.

“முந்தின பக்கத்துத் தொகைன்னு மேல ஒரு வரி போடுறேன்ல மேடம், அது சாமான் வரி மேல ஏறி உக்காருது. எடுத்துருங்க. நீங்க செய்யறது சரிதான்.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நேர்காணலைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆனா ரஹ்மத்தக்கா எப்படி இதை விட்டாங்க? அவங்க கண்ணுல படாம எதுவும் போகாதே.”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோன்பிலிருந்தே தெரியும் என்றும் ஏன் சொல்லவில்லை என்றும் சொன்னேன். அவன் முகம் அப்போதுதான் மாறியது.

“பெரிய பில்லு போட்டுப் பாத்தீங்களான்னு ரெண்டு மூணு தடவ கேட்டேன் மேடம். போட்டேன் தம்பி, எதிர்பாத்தபடி வந்துச்சுன்னாங்க. அப்பவே சொல்லிருந்தா இந்நேரம் சரி பண்ணி முடிச்சிருப்பேனே.” பில்லை நாலாக மடித்தான். “இந்த வீட்ல எல்லாரும் என்னைப் பாவம்னுதான் பாக்குறாங்க. ஒருத்தரும் திட்டக்கூட மாட்டாங்க. அங்க ஒரு எடத்துலயாவது வேலை செய்யற ஆளா இருக்கேன்னு நெனச்சேன். அங்கயும் பாவம்தானா?”

சம்பளம் வாங்குகிற ஆள் அழக் கூடாது என்று தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். மதிய பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன்.

பதிப்பு சொன்ன தேதியில் வெளியானது, இங்கிலீஷ் பில்லோடு. கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள், ஆனாலும் பயன்படுத்தினார்கள். இளங்கோ நேர்காணலுக்குப் போனான். வெளியான பதிப்பில் உங்கள் பெயர் எங்கே என்று கேட்டார்களாம். இல்லை என்றும் ஏன் இல்லை என்றும் சொன்னானாம். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் எடுத்த முடிவு சரி, இன்றைக்கும் அதையே எடுப்பேன். அந்தச் சரியான முடிவால் ஒருவனுக்கு வேலை கை நழுவியது என்பதும் உண்மை.

தாமோதரன் சார் இதைப் பற்றி என்னிடம் எதுவும் பேசவில்லை. குறிப்பு எழுதும் மூன்று வரிக்கு நான்காவதாக ஒன்றை மட்டும் சேர்த்தார்: ‘அப்புறம் எப்படிச் சமாளித்தீர்கள்?’ குறை சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்கூடச் சமாளித்த கதையைப் பெருமையாக எழுதினார்கள். அதிலிருந்து நாங்கள் குறைகளைப் பிடித்தோம். எனக்குத் தெரிந்து வேறு எந்த ஊரிலும் அந்த நான்காம் வரி கிடையாது.

பிப்ரவரியில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் இளங்கோ அலுவலகத்துக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. ரஹ்மத் கடைக்குப் போக வேண்டும், நீங்களும் கூட வாருங்கள் என்றான். “தனியாப் போனா சோத்தப் போட்டு அனுப்பி வச்சிருவாங்க மேடம்.”

ரஹ்மத் அவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “வேலை என்னாச்சு தம்பி?”

“கெடைக்கலக்கா.”

அவர் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் சோறும் கறியும் இருந்தன. கல்லா மேஜையைத் துடைத்து அவன் முன்னால் தட்டை வைத்தார். இளங்கோ தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்தான்.

“நான் எழுதுனதுல என்னென்ன குறைன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் சாப்புடுவேன்.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு. சாப்புடு.”

இளங்கோ எழுந்து செருப்பை மாட்டினான். நானும் எழுந்தேன். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. அவன் வாசல் படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“ரெண்டாம் பக்கத்துல மொத வரி வரல.”

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். எழுதினான். “அப்புறம்?”

“சாமான் பேரு நீளமா இருந்தா வெட்டிப் போட்ருது. முக்கால் இஞ்ச்சோட நின்னுபோச்சுன்னா எல்போ ஜாயின்ட்டா டீ ஜாயின்ட்டான்னு எப்படித் தெரியும்? கொடவுன்ல தெனமும் சண்டை.” குரல் கம்மியது, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் நிறுத்தவில்லை. “தேதிய மாத்துனா பழைய தேதிக்கே போயிருது. ரிப்பன் பழசானா எழுத்து மசமசன்னு கெடக்கு, வயசானவங்க படிக்க மாட்டேங்குறாங்க. நிறுத்துற பட்டன அமுக்குனா நிக்காது, ஓடிக்கிட்டே இருக்கு. நான் ப்ளக்கப் புடுங்கி விடுவேன்.”

“ப்ளக்கயா?”

“பின்னே? உன் மெயிலும் ரொம்ப நீளம். வெரசா படிச்சு முடிக்க முடியல. தாடியும் நல்லால்ல.”

இளங்கோ எழுதிக்கொண்டே சிரித்துவிட்டான். வாடிக்கையாளர் ஒருவர் குழாய் வாஷர் கேட்டு வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போனார். ரஹ்மத் எதையும் விட்டுவைக்கவில்லை. மாதக்கணக்காக அடைத்து வைத்தது அத்தனையும் வந்தது. கடைசியில் கொஞ்சம் நிறுத்தினார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றார். “இந்தக் கடைல ஒரு டெஸ்டர் இருக்கா. எல்லாம் தெரிஞ்சும் உங்கிட்ட சொல்லாம இருந்துட்டா. அதையும் எழுதிக்க.”

இளங்கோ பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தான். தட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, ஆறிப்போன சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.